ஆராயி பிடித்த வயர்

இது கதை இல்லை. கதையாக இருந்தால் இதைவிட நன்றாகவே சொல்லியிருப்பேன். நடுவில் ஒரு கல்யாணம், யாராவது ஓடிப்போனது என்று நாலைந்தைச் சேர்த்திருப்பேன். இது நடந்தது. விருத்தாசலத்தில், செராமிக் கம்பெனிகள் இருக்கிற எங்கள் தெருவில், போன மாசியிலும் அதை அடுத்த பங்குனியிலும் நடந்தது. சந்தேகப்படுகிறவர்கள் என் வலது கை ஆள்காட்டி விரலில் ஊசியால் குத்திப் பார்க்கலாம். இன்றுவரை எனக்கு அங்கே வலிக்காது.

பேய் என்றால் நடு ராத்திரி, நாய் ஊளை, மல்லிகைப்பூ வாசனை என்று எதிர்பார்க்கிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். நான் பார்த்தது பட்டப்பகலில். உச்சி வெயிலில். தெருவில் குல்பி ஐஸ்காரன் மணியடித்துக்கொண்டு போனபோது.

என் பெயர் துர்காதேவி. ஜெயபிரகாஷ் கம்பெனி கேட்டுக்கு நேர் எதிரே ரவிக்கை தைக்கிற கடை வைத்திருக்கிறேன். கை தைத்துக்கொண்டிருக்கும், கண் கேட்டில் இருக்கும். "கேமரா வெக்கலாம்னு நெனச்சேன். எதிர்ல துர்காக்கா இருக்குது, எதுக்கு தண்டச் செலவு?" என்று ஜெயபிரகாஷே ஒருமுறை சொன்னார். அவருக்குச் செலவு என்று ஒன்று தனியாகக் கிடையாது. எல்லாமே தண்டச் செலவுதான்.

அவர் கம்பெனியில் பீங்கான் பொம்மை செய்கிறார்கள். தொப்பை குலுங்கச் சிரிக்கிற கிழவன், குட்டி யானை, ஊதுபத்தி செருகுகிற தாமரை, இப்படி. வெள்ளை மண்ணை அச்சில் ஊற்றி, காய வைத்து, பிசிறு சுரண்டி, சூளையில் சுடுவார்கள். அந்த மண் பவுடர் தெருவெல்லாம் பறக்கும். என் கடையில் கறுப்புத் துணியைக் காலையில் விரித்தால் சாயங்காலம் விபூதி பூசினதுபோல இருக்கும். எதிர்க்கடையிலேயே அப்படி என்றால், கம்பெனிக்குள் இருக்கிற கம்ப்யூட்டர் கதி என்ன என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கம்ப்யூட்டரை அவர் மகள் கல்யாணத்துக்கு முன்னால் வாங்கினார். இப்போது மகளுடைய பிள்ளை ஸ்கூலுக்குப் போகிறது. பில் போடுவது, லேபிள் அடிப்பது, பெங்களூர் மொத்த வியாபாரிக்குப் படம் அனுப்புவது, எல்லாம் அதில்தான். போன வருஷம் அதற்கு ஒரு நோய் வந்தது. நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று நின்றுவிடும். அம்புக்குறி மட்டும் அசையும். எதை அழுத்தினாலும் திறக்காது. முன்பக்கத்துச் சிவப்பு விளக்கு கண் சிமிட்டாமல் எரியும். உள்ளேயிருந்து டக்... டக்... என்று யாரோ நாக்கைத் தட்டுகிற மாதிரி சத்தம் வரும்.

ஜெயபிரகாஷ் முதலில் அதன் தலையில் தட்டிப் பார்த்தார். பிறகு எலுமிச்சம்பழம் கட்டினார், வெள்ளிக்கிழமை சூடம் காட்டினார். கண் பட்டுவிட்டதாம். அந்தப் பெட்டி மேல் எவன் கண் வைப்பான்? கடைசியில் வேறு வழியில்லாமல் பாலக்கரையில் கடை வைத்திருக்கிற தங்கதுரையைக் கூப்பிட்டார்.

தங்கதுரை வைரஸ் என்றான். துடைத்தான். மறுநாள் நின்றது. மெமரி கார்டைக் கழற்றி, பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்த்து மாட்டினான். நின்றது. பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு ஊதினான். இன்னொரு தொப்பைக் கிழவன் செய்கிற அளவுக்கு வெள்ளைப் பவுடர் கொட்டியது. அப்போதும் நின்றது. பிறகு உள்ளே கை விட்டு ஒவ்வொரு வயராகத் தொட்டுக்கொண்டே வந்தவன், ஓரிடத்தில் அழுத்தினான். கம்ப்யூட்டர் உயிர் வந்து ஓடியது. விரலை எடுத்தான். நின்றது. அழுத்தினான். ஓடியது.

"புடிச்சிட்டேன் சார்! ஹார்ட் டிஸ்க்குதான் இதோட மூளை. மூளைக்கு ரெண்டு வயரு போவுது. ஒண்ணு கரண்டு, இன்னொண்ணு பேச்சு. கரண்டு வயரு கெட்டியா இருக்குது. பேச்சு வயரு மாட்டுற வாயி ஒடஞ்சி ஆடுது. தொட்டா பேசுது, வுட்டா ஊமையாயிடுது. வயரும் மாத்தணும், டிஸ்க்கும் மாத்தணும்."

"அப்ப தொட்டுக்கினே இருந்தா ஓடுமா?"

"ஓடும் சார். ஆனா எந்தக் கேனையன் நாள் முழுக்கத் தொட்டுக்கினு ஒக்காருவான்?" என்று தங்கதுரை சிரித்தான்.

ஜெயபிரகாஷ் சிரிக்கவில்லை. யோசித்தார்.

மறுநாள் காலையிலிருந்து ஆராயி கம்ப்யூட்டர் இருக்கிற ஆபீஸ் அறையில் உட்கார்ந்தாள்.

ஆராயி அந்தக் கம்பெனியில் பொம்மைக்குப் பிசிறு சுரண்டுகிறவள். புருஷன் இல்லை. ஒரே மகள் இளமதியைக் கம்மாபுரத்தில் கட்டிக் கொடுத்திருந்தாள். வருஷக்கணக்கில் சுரண்டின பவுடர் நெஞ்சில் இறங்கி, எந்நேரமும் ஒரு வறட்டு இருமல். கொக்... கொக்... பவுடர் பக்கமே போகக்கூடாது என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வேறு வேலை கொடுங்க என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கிடைத்துவிட்டது. கவிழ்த்துப் போட்ட ஒரு பெரிய அச்சின் மேல் உட்கார வேண்டும். திறந்திருக்கிற பெட்டிக்குள் விரலை விட்டு அந்த வயரை அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். அவ்வளவுதான்.

"இன்னா ஆராயி, கம்ப்யூட்டர் வேலையாமே? ஆபீசர் ஆயிட்ட!" என்று கேட்டேன்.

"ஆமாங்க்கா. ஃபேனுக்கடியில வேலை, யாருக்குக் கெடைக்கும்?" என்று அவளும் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒண்ணுக்குப் போவத்தான் வுட மாட்டேங்கறாரு" என்றாள்.

இருமல் வந்தால் விரல் ஆடும். விரல் ஆடினால் கம்ப்யூட்டர் நிற்கும். உடனே ஒரு கத்தல் கேட்கும், தெரு முனை வரைக்கும்.

"ஏய் ஆராயி! புடி!"

தெருப் பிள்ளைகள் இதை வைத்து விளையாட்டே கண்டுபிடித்தார்கள். ஒருவன் 'புடி' என்று கத்தினால் மற்றவர்கள் அசையாமல் நிற்க வேண்டும். நன்றாகத்தான் இருந்தது.

மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. பெங்களூருக்குச் சரக்கு ஏற்ற வேண்டிய நாள். காலையிலிருந்து லேபிள் அடிக்கிற பிரிண்டர் சத்தம் என் கடை வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தது. சாயங்காலம் நாலரை மணிக்கு ஜெயபிரகாஷ் கேட்டுக்கு வந்து கையைக் காட்டினார்.

"துர்காக்கா, கொஞ்சம் வாங்க. ஆராயி கண்ணத் தொறக்க மாட்டேங்குது."

போனேன். ஆராயியைத் தரையில் கிடத்தியிருந்தார். தொட்டுப் பார்க்கவே வேண்டியதில்லை. பார்த்ததுமே தெரிந்தது. பெட்டிக்குள்ளே அந்த வயர் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அவளைத் தூக்கியபோது விரலோடு வந்துவிட்டது என்றார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் சாவு என்றால் முதலில் நேரம் கேட்பார்கள். அவிட்டம் முதல் ரேவதி வரைக்கும் சில நட்சத்திரங்களில் உயிர் போனால் 'அடைப்பு'. போன உயிருக்கு வழி அடைத்துக்கொள்ளும். உயிர் பிரிந்த இடத்தை ஆறு மாதம் பூட்டி, வாசலில் முள் வைத்து, தினமும் விளக்கு ஏற்ற வேண்டும். செய்யாவிட்டால் அந்த உயிர் அங்கேயே கிடக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை பகல் ஒன்றரை வரை ரேவதி. அடைப்பு உண்டு. ஒன்றரைக்குப் பிறகு அசுவினி. அடைப்பு இல்லை.

"உயிரு எப்பப் போச்சு?" என்று பஞ்சாங்கம் பார்க்கிறவர் கேட்டார்.

"நாலேகாலுக்கு" என்றார் ஜெயபிரகாஷ். "கம்ப்யூட்டரே சாட்சி. அவ வெரல எடுத்தா நின்னுடும். காலையிலேர்ந்து நாலேகால் வரைக்கும் ஒரு தடவகூட நிக்கல. செத்தவளா புடிச்சிக்கினு இருந்தா?"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அடைப்பு இல்லை என்று முடிவாயிற்று. எடுத்தார்கள், எரித்தார்கள், சாம்பலை மணிமுத்தாற்றில் கரைத்தார்கள். அறையைத் தண்ணீர் விட்டுக்கூடக் கழுவவில்லை. கம்ப்யூட்டர் நனைந்துவிடுமாம்.

கருமாதி முடிந்து சில நாள் கழித்து இளமதி வண்டியில் வந்து என் கடை வாசலில் இறங்கினாள். முகம் சுண்டைக்காயாகச் சுருங்கியிருந்தது.

"அத்த, காக்கா சோறு எடுக்க மாட்டேங்குது."

"வெயிலுக்கு எங்கனா போயிருக்கும்டி."

"இல்ல அத்த. வருது, ஓட்டு மேல ஒக்காருது. எலையப் பாக்குது. பறந்துடுது. பதினாறாம் நாளும் எடுக்கல, அம்மாவாசைக்கும் எடுக்கல. எங்கம்மாவுக்கு வழி கெடைக்கல அத்த. அங்கயே கெடக்குது. அது எத்தன மணிக்குப் போச்சுன்னு எனக்குத் தெரியணும்."

இந்த மாதிரி விஷயத்துக்கு என்னை இரண்டாம் முறை கூப்பிட வேண்டியதில்லை. கடையை அப்படியே போட்டுவிட்டு அவளோடு போனேன்.

ஜெயபிரகாஷ் அதே பாட்டைப் பாடினார். நாலேகால், கம்ப்யூட்டரே சாட்சி. அவர் பேசிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. சிவப்பு விளக்கு ஜோராகச் சிமிட்டியது. கவிழ்த்த அச்சின் மேல் யாரும் இல்லை.

"இப்ப யாரு புடிக்கறாங்க?" என்று கேட்டேன்.

"புது வயரு மாத்தியாச்சுக்கா" என்றார். என் முகத்தைப் பார்க்காமல்.

புது வயர்! ஜெயபிரகாஷ்! எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலமே பாலக்கரைக்குப் போய்த் தங்கதுரையைப் பிடித்தேன்.

"நானா? நான் அந்தப் பக்கம் போயே நாலு மாசம் ஆவுதுக்கா. அந்த டிஸ்க்குக்கு வயரு மாத்துனாலும் நிக்காது, வாயே ஒடஞ்சிருக்குது. யாருனா புடிச்சாத்தான் உண்டு."

அப்புறம் எப்படி ஓடுகிறது?

என் கண்ணால் பார்க்காமல் நான் எதையும் ஊருக்குச் சொல்வதில்லை. அந்த ஒழுக்கம் எனக்கு உண்டு. ஜெயபிரகாஷ் மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம் போட்டு வருவார். மண் லாரி வந்தால் திறந்துவிடுவதற்காகச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார். வேலையாட்கள் எல்லாரும் பின்னால் வேப்பமரத்தடியில் சாப்பிடப் போய்விடுவார்கள். லாரி எதுவும் வரவில்லை. ஆனாலும் நான் போனேன்.

உச்சிப் பொழுது. பங்குனி வெயில். குல்பிக்காரன் மணி தெருக்கோடியில் கேட்டது.

கதவைத் திறந்தேன். ஜெயபிரகாஷ் போகும்போது லேபிள் அடிக்கப் போட்டுவிட்டுப் போயிருந்தார். பிரிண்டர் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. க்ர்ர்க்... க்ர்ர்க்... கரண்டு வீணாகும் என்று ஃபேனை மட்டும் அணைத்திருந்தார்.

அறையில் எல்லாவற்றின் மேலும் வெள்ளைப் பவுடர் படிந்திருந்தது. மேஜை, தரை, ஜன்னல் கம்பி. விரலால் எழுதலாம், அவ்வளவு கனம். கவிழ்த்த அச்சைப் பார்த்தேன். அதன் மேலும் பவுடர். ஆனால் நடுவில் மட்டும் வட்டமாக, சுத்தமாக இருந்தது. ஒரு ஆள் உட்காருகிற அளவு.

சரி, யாராவது வேலைக்காரப் பிள்ளை வந்து உட்கார்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கீழே பார்த்தேன். தரைப் பவுடரில் ஜெயபிரகாஷின் செருப்புத் தடம் நாற்காலியோடு நின்றிருந்தது. அச்சுப் பக்கம் வெறுங்கால் தடம் இருந்தது. இரண்டு பாதம், அச்சுக்கு முன்னால், பெட்டியைப் பார்த்து. வந்த தடம் இல்லை. போன தடமும் இல்லை.

குனிந்து பெட்டிக்குள் பார்த்தேன்.

வயர் மாட்டியிருக்கவில்லை.

அதே பழைய வயர். அன்றைக்குக் கழன்ற வயர். அதன் வாய்க்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி. வெறும் காற்று. ஆனால் அது தொங்கவில்லை. நேராக நீட்டிக்கொண்டு நின்றது. யாரோ பிடித்திருப்பது மாதிரி.

விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

ஓடியிருக்க வேண்டும் நான். புத்தி இருக்கிறவள் ஓடியிருப்பாள். எனக்குப் புத்தியைவிட ஆசை ஜாஸ்தி. விரலை நீட்டினேன், அந்த இடைவெளிக்குள்.

காற்றைத் தொட வேண்டிய விரல் எதையோ தொட்டது.

கெட்டியாக இருந்தது. சில்லென்று இருந்தது. காய்ந்த மண்ணின் சொரசொரப்பு... சூளைக்குப் போகாத பொம்மையைத் தொட்டால் இருக்குமே, அப்படி.

மெல்லத் தடவினேன்.

நகம் இருந்தது.

பிரிண்டர் நின்றது.

சிவப்பு விளக்கு சிமிட்டுவதை நிறுத்தியது.

டக்...

டக்...

என் தோளுக்குப் பக்கத்தில், அந்த அச்சின் மேலிருந்து...

கொக்...

"யக்கா..."

மூச்சு மட்டும்தான். குரல் பாதி.

"கைய எடுங்க."

என்னால் அசைய முடியவில்லை.

"நின்னுட்டா... திட்டுவாரு."

எப்படிக் கையை எடுத்தேன், எப்படி வெளியே வந்தேன் என்று கேட்காதீர்கள். பின்னால் பிரிண்டர் மறுபடி ஓடத் தொடங்கியது மட்டும் காதில் விழுந்தது. கடைக்கு வந்து ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். விரல் நுனியில் இருந்த வெள்ளை மூன்று நாள் போகவில்லை. உணர்ச்சி இன்னும் வரவில்லை.

அன்று சாயங்காலம் இளமதிக்குப் போன் பண்ணினேன். அவள் அழவில்லை. "வரேன் அத்த" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் காலையில் கருவேல முள் ஒரு கட்டு, ஒரு மண் விளக்கு, ஒரு பாட்டில் எண்ணெய் எடுத்துக்கொண்டு வந்தாள். நேராக ஆபீஸ் அறைக்குள் போய் ஜெயபிரகாஷ் எதிரே நின்றாள். நானும் பின்னாலேயே போனேன். வாசலோடு நின்றுகொண்டேன்.

"சார், இந்த ரூமை ஆறு மாசம் மூடுங்க. வெளக்கு நானே தெனம் வந்து ஏத்தறேன். உங்களுக்கு ஒண்ணும் செலவு இல்ல. எங்கம்மா போவட்டும் சார்."

"உங்கம்மா போயி ஒரு மாசம் ஆச்சு. எவ கெளப்பி வுட்டது இத?" என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"வயரக் குனிஞ்சி பாருங்க" என்றேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். குனிந்தார். பார்த்தார்... ரொம்ப நேரம் பார்த்தார். கழுத்து வேர்த்தது. இந்த ஆள் இப்போது அலறப்போகிறான், விழுந்து கும்பிடப்போகிறான் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன்.

நிமிர்ந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். மெதுவாகச் சிரித்தார்.

"நல்ல பொம்பள" என்றார். "இப்ப சோறு வேணாம், டீ வேணாம். ஒண்ணுக்குப் போவணும்னுகூட கேக்காது."

எதற்கும் சிரிக்கிறவள் நான். அதற்குச் சிரிப்பு வரவில்லை.

"சார், அது எங்கம்மா சார்..."

"உங்கம்மாதான். யாரு இல்லேன்னது? நெஞ்சு கெட்டு நின்னவள ஒக்கார வெச்சி சோறு போட்டவன் நான். நன்றி இருக்குது, அதான் வேலை பாக்குது. நீ ஏன் நடுவுல வர்ற? முள்ளெல்லாம் வெளிய எடு. பார்ட்டி வர்ற நேரம்."

இளமதி அவரை அதற்கு மேல் கெஞ்சவில்லை. பெட்டி முன்னால் மண்டியிட்டாள். அச்சின் மேல் இருந்த அந்தச் சுத்தமான வட்டத்தைப் பார்த்துப் பேசினாள். காலேஜுக்குப் போன பெண், கைக்குழந்தை மாதிரி பேசினாள்.

"யம்மா... எழுந்திரும்மா. வூட்டுக்குப் போலாம்மா. புடிச்சது போதும்மா. எழுந்திரு."

கம்ப்யூட்டர் நின்றது.

பெட்டிக்குள் வயர் தொய்ந்து விழுந்தது. நான் வாசலில் இருந்தே பார்த்தேன்.

அச்சு லேசாக அசைந்தது. முன்பக்கம் சாய்ந்தது, யாரோ அதன் மேல் கையூன்றி எழுந்திருக்கிற மாதிரி.

திரும்ப உட்கார்ந்தது.

"எழுந்திரும்மா."

மறுபடி சாய்ந்தது. மறுபடி உட்கார்ந்தது. இந்த முறை வேகமாக. பின்னாலிருந்து இழுத்த மாதிரி. டொக் என்று தரையில் மோதியது.

"எழுந்திரும்மா... என்னாம்மா... எழுந்திரு..."

டொக்.

டொக்.

கொக்... கொக்...

ஜெயபிரகாஷ் மேஜையைப் படாரென்று அறைந்தார்.

"ஏய் ஆராயி! புடி!"

சத்தம் எல்லாம் ஒரே நொடியில் நின்றது. வயர் மெல்ல எழும்பியது... நீட்டி நின்றது.

விளக்கு சிமிட்டத் தொடங்கியது.

இளமதியை நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன். முள்ளும் விளக்கும் அங்கேயே கிடந்தன. அவள் புருஷன் வந்து வண்டியில் உட்கார வைத்துக் கூட்டிப் போனான். அதன் பிறகும் வெள்ளிக்கிழமைகளில் வருகிறாள். கேட்டைத் தாண்டி உள்ளே விடுவதில்லை. கேட்டுக்கு வெளியே ஒரு விளக்கை ஏற்றி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பாள். அவள் போனதும் கம்பெனி ஆள் ஒருத்தன் வந்து அதை ஊதி அணைத்துவிடுவான்.

நடந்ததை ஊர் பூராவும் சொன்னேன். பாதிப் பேர் நம்பினார்கள், பாதிப் பேர் எனக்கு மந்திரிக்கச் சொன்னார்கள். எனக்கு ஒன்று மட்டும் புரியவே இல்லை. மகள் கூப்பிட்டதும் வயரை விட்டுவிட்டாள். எழுந்திருக்கவும் பார்த்தாள். அப்புறம் ஏன் திரும்பத் திரும்ப உட்கார்ந்தாள்?

சித்திரையில் ஒருநாள் சொர்ணாம்பாள் ரவிக்கை அளவு கொடுக்க என் கடைக்கு வந்தாள். எங்கள் தெருவில் பெண் பிள்ளை செத்தால் குளிப்பாட்டுகிறவள் அவள்தான். ஆராயியையும் அவள்தான் குளிப்பாட்டினாள். இடுப்பைச் சுற்றி டேப்பு வைத்தேன். சும்மா இருக்க முடியாமல் அந்தப் பேச்சை எடுத்தேன்.

சொர்ணாம்பாள் கேட் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"எம் மவன் அங்கதான் சூளையில நிக்கறான் துர்கா. அதான் வாயத் தெறக்கல. நாலேகாலாவது ஒண்ணாவது! ஆறு மணிக்கு நான் தொடும்போது ஒடம்பு கட்டையா வெறச்சிக் கெடந்துச்சு. மத்தியானச் சோத்துக்கு முன்னாடியே போயிருக்குது. வெரலு நீட்டினது நீட்டினபடி. மடக்கவே முடியல."

ரேவதி. அப்படியானால் ரேவதிதான். லேபிள் அடித்த அத்தனை நேரமும்...

"அது மட்டும் இல்ல" என்றாள். என் கையில் இருந்த டேப்பைத் தானே இழுத்துத் தன் இடுப்பில் இறுக்கிக் காட்டினாள். "இந்த எடத்துல, சுத்தி, தடம். பொம்ம மூட்ட கட்டற நைலான் கயிறு இருக்குதில்ல, அந்தத் தடம். அச்சுக்குப் பின்னாடி ஜன்னல் கம்பிதான, அதோட சேத்துக் கட்டியிருப்பான் பாவி."

நான் டேப்பின் முனையை விட்டுவிட்டேன். "செத்த பொறவு... சாஞ்சிடக் கூடாதுன்னு கட்டினானா?"

சொர்ணாம்பாள் தலையை ஆட்டினாள்.

"நான் எத்தன ஒடம்பு குளிப்பாட்டியிருக்கேன். செத்த ஒடம்புல கயிறு கட்டினா தடம் வெளுப்பா இருக்கும். இது செவந்து, ரத்தம் கட்டி, தோலு உரிஞ்சி இருந்துச்சு துர்கா."

"அப்படின்னா..."

"எழுந்திருக்கப் பாத்திருக்குது."